என் மனைவி எழுதும் செய்திகள்

என் மனைவிக்கு எழுத வரும் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பெண். வீட்டிலேயே கேக் செய்து இணையத்தில் விற்பவர். ஒருநாள் காலை, கொழும்பு காலி வீதிக் கடையில் பாணும் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவரும் லிஃப்டில் ஏறினார்.

“அங்கிள், ஒங்கட வைஃப் எழுதினத நேத்து ராவு வாசிச்சேன். எனக்கு அழுகையே வந்திட்டு. எங்கட உம்மாக்கும் வாசிச்சுக் காட்டின,” என்றார்.

தெரிந்தவன்போலச் சிரித்து வைத்தேன். என்ன எழுதினாள், எங்கே எழுதினாள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் மாடிக்குத் தெரிந்தது ஐந்தாம் மாடிக்கு வந்து சேரவில்லை.

அவள் கொட்டாஞ்சேனையில் ஓர் அமைப்புக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றி நடக்கும் சட்டம், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திருப்பி எடுக்கிறவர்கள் அவர்கள். என் அம்மா இறந்த பிறகு அவருடைய சக்கர நாற்காலி எங்கள் பால்கனியில் உடுப்புக் காயப்போடும் இடமாகக் கிடந்தது. அதை அங்கே கொடுத்துவிடலாம் என்று சொன்னவள் அவள்தான். மடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். “குடுத்திட்டு வாறன், நீங்கள் இருங்கோ,” என்று இறங்கினாள். நான் ஆட்டோவுக்குள் இருந்தேன். ஆட்டோக்காரன் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்து, “மேடம் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்ட பிறகுதான் வந்தாள். அடுத்த கிழமை தனியாகப் போனாள். அதற்கடுத்த கிழமையும் போனாள்.

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். நான் அதற்கு முன்பே வீட்டோடு வந்துவிட்டேன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழிலாக இருந்தது. அங்கே போய் அவள் தொலைபேசி எடுக்கிறாள், சாமான்களை எண்ணி வைக்கிறாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். கேட்டதில்லை.

அன்று கேட்டேன். “நீர் அங்கை என்ன எழுதுறீர்?”

“அது சும்மா நியூஸ். ஆருக்கு என்ன குடுத்தது எண்டு போட வேணும்தானே. உதவி செய்யிற சனம் பார்க்கும்.” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “தள்ளி நில்லுங்கோ, எண்ணெய் தெறிக்கப்போகுது.”

அன்று பின்னேரம் மெல்பேர்னில் இருக்கும் மகளை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள்.

“அப்பா, அமைப்பின்ர ஃபேஸ்புக் பேஜை நீங்கள் இன்னும் ஃபாலோ பண்ணேல்லையா? நான் முதலே பண்ணிட்டன். என்ர வேலையில இருக்கிற ஆக்களுக்கும் ஷெயார் பண்ணுறனான். தமிழ் தெரியாததுகள் கீழ இருக்கிற ட்ரான்ஸ்லேட்டை அமத்தி வாசிக்குதுகள்.”

மெல்பேர்னில் தமிழ் தெரியாதவர்களும் என் மனைவியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகநூல் கணக்கே இல்லை. மகள் அங்கிருந்தபடி சொல்லச்சொல்ல நான் இங்கே ஒன்றைத் திறந்தேன். “மேல மணி மாதிரி ஒண்டு தெரியுதெல்லே, அதை அமத்துங்கோ. அம்மா போட்டவுடன உங்களுக்குச் சத்தம் வரும்,” என்றாள். அமைப்பின் இணையத்தளத்தில் கிழமைக்கு ஒருமுறை வரும் செய்தி மடலுக்கும் என் மின்னஞ்சலைப் பதிந்து கொடுத்தாள். “அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்,” என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மனைவி சமையலறையில் நின்றாள். நான் பால்கனியில் இருந்து, அவள் எழுதியதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். ஆமர் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் கதவு ஒடுக்கம், சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை என்று ஒரு செய்தி. வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, “எங்கள் வீட்டில் களவெடுக்க என்ன இருக்கிறது, இனித் திரைச்சீலை போதும்,” என்றாராம். இன்னொன்றில் ஒரு வயதான அம்மா. நாற்காலியில் இருத்தியதும் அவர் கேட்டது தன்னைக் குசினிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லித்தான். அங்கே போய்ப் போத்தல்களைப் பார்த்து, “மிளகாய்த்தூளை இப்படித் திறந்து வைத்தால் வாசம் போய்விடும்,” என்று மருமகளை ஏசினாராம். மருமகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார், ‘மாமி திரும்பி வந்துவிட்டார்’ என்றார் என்று அந்தச் செய்தி முடிந்தது.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மூக்கு அடைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் வந்தது வேறு. எனக்கு எரிந்தது.

இந்தப் பெண் என்னிடம் பேசுவது எப்படி என்று யோசித்தேன். காஸ் முடியப்போகுது. கரண்ட் பில் வந்திருக்கு. தேங்காய் வாங்கேக்கை ஆட்டிப் பார்த்து வாங்குங்கோ. இத்தனை வருடமாக எனக்குக் கிடைத்த வசனங்கள் இவைதான். கழற்றிய கதவும் மிளகாய்த்தூள் போத்தலும் ஊரில் உள்ளவர்களுக்குப் போயின. அவள் அந்த வீட்டுக்குப் போய்வந்த அன்றைக்கும் எனக்கு எதிரே இருந்து புட்டுச் சாப்பிட்டிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு கருத்துகளையும் வாசிக்கத் தொடங்கினேன். அங்கேதான் அந்த ஆளைக் கண்டேன். படத்தில் முகம் இல்லை, பனியும் ஒரு சிவப்புப் படகும் மட்டும். நோர்வேயில் இருந்தான். அவள் எதைப் போட்டாலும் முதல் கருத்து அவனுடையது. “அக்கா, உங்கள் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்” என்று எழுதுவான். அதோடு நிற்கமாட்டான். வெளிநாட்டிலிருக்கும் கொட்டாஞ்சேனைக்காரர்களின் குழு ஒன்றில் ஒவ்வொன்றையும் பகிர்ந்து, மேலே “எங்கள் அக்காவின் எழுத்து” என்று போடுவான். அந்த ‘எங்கள்’ எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மற்றவர்களுக்கு அவள் நன்றி என்று ஒரு சொல்லோடு நிறுத்துவாள். இவனுக்கு மட்டும் விசித்திரமான பதில்கள். “இன்று வெயில் கூட. ஆனாலும் பரவாயில்லை.” இன்னொரு நாள், “காலையில் கஞ்சி. முழுவதும் முடிந்தது.” எங்கள் வீட்டில் அன்று கஞ்சி வைக்கவில்லை. பாண்தான் சாப்பிட்டோம். அந்தப் பதிலை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவனை முந்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. மணிச்சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒருநாள் முகச்சவரத்தின் நடுவில் ஓடினேன். இணைப்பை எடுத்து வாட்ஸ்அப்பில் பழைய வேலை நண்பர்கள் குழுவுக்கும் பள்ளிக்கூடக் குழுவுக்கும் அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தால், அவன் அதற்குள் ஒரு பந்தி எழுதியிருப்பான். பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தன், “மச்சான், காலங்காத்தால எங்களை அழ வைக்காதை,” என்று குரல் பதிவு அனுப்பினான். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே எழுதியதுபோல.

ஆனால் முகநூலில் மட்டும் நான் எதையும் தொடவில்லை. விருப்பம் தெரிவிக்கவில்லை, கருத்துப் போடவில்லை. தொட்டால் என் பெயர் தெரிந்துவிடும், நான் வாசிப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவளாக என்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். “இஞ்சருங்கோ, இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ” என்று ஒருநாளாவது போனை நீட்டுவாள் என்று பார்த்தேன். அவள் நீட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று பரிசோதனையில் தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தன் இரத்த அறிக்கையைத் தானே வாங்கி வாசித்துவிட்டு, “பிளேட்லெட் இன்னும் இறங்கும், பயப்பிடாதேங்கோ,” என்று எனக்குச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அமைப்பின் பக்கத்துக்கு வரும் தகவல்களெல்லாம் அவள் போனுக்குத்தான் வரும்.

“ஒரு உதவி செய்யுங்கோ,” என்றாள். “கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் பண்ணி, அம்மா இண்டைக்குச் சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ. கேட்டுட்டு இதில பதில் போடுங்கோ.”

“எந்த அம்மா? ஆருக்குப் பதில்?”

“நோர்வேத் தம்பிக்கு.”

நான் போனைக் கையில் எடுக்கவில்லை. “ஆர் அவர்?” என்றேன். எவ்வளவோ நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வி, காய்ச்சல்காரியிடம் கேட்க வேண்டியதாகப் போயிற்று.

“அவற்ற அம்மா எங்கட அமைப்பு குடுத்த கட்டில்லதான் படுத்திருக்கிறா. கொட்டாஞ்சேனையில, மற்ற மகன்ர மனிசியோட. வீடியோ கோல்ல முகம் காட்டமாட்டா. மெலிஞ்சு போனதை மகன் பார்க்கக்கூடாதாம். ஃபோனில கதைச்சாலும் நல்லா இருக்கிறன் எண்டு மட்டும்தான் சொல்லுவாவாம். அதுதான் நான் போய்ப் பார்த்து எழுதுறன். பேர் போடுறேல்லை. வாசிச்சா அவருக்கு விளங்கும்.”

“மிளகாய்த்தூள்?”

“அவதான்.”

“கஞ்சி?”

“அவதான்.”

வெட்கமும் ஆறுதலும் சேர்ந்து வந்தன. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்தது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் நீர் அந்த ஆளுக்குத்தான் எழுதினீரோ?”

“ஓம்,” என்றாள், ஒரு யோசனையும் இல்லாமல். “ஒரு ஆளுக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சாத்தான் எனக்கு எழுத வருது.”

“நான் ஒரு ஆளில்லையோ?”

“நீங்கள் பக்கத்து அறையில இருக்கிற ஆள். உங்களுக்கு என்னெண்டு எழுதுறது?”

“எழுதத் தேவையில்லை, சொல்லியிருக்கலாம்.”

“நீங்கள் கேக்கேல்லையே.” தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “நீங்கள் அக்கவுண்ட் திறந்த அண்டைக்கே பிள்ளை எனக்குச் சொல்லிப்போட்டாள். நான் ஒவ்வொரு நாளும் லைக் போட்ட ஆக்களின்ர பேரைப் பார்க்கிறனான். ஒருநாளும் உங்கட பேர் இல்லை. வாசிக்கிறதில்லையாக்கும் எண்டு விட்டுட்டன்.”

நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அவளுக்குத் தெரிய வழியில்லை. இணைப்பை எடுத்து அனுப்பினால் அனுப்பியவன் பெயர் எங்கேயும் விழாது என்று அன்றுதான் எனக்கே உறைத்தது. முகநூலில் அவள் என் பெயரைத் தேடியிருக்கிறாள். நான் பால்கனியில் இருந்து அவள் போனை நீட்டுவாள் என்று பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சுவர், அதுவும் மெல்லிய அரைக்கல் சுவர்.

தாழ்வாரத்துக்கு வந்து கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தேன். மருமகள் சொன்னதைக் கேட்டு, “இன்று ரசம் விட்டுக் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்” என்று பதில் போட்டேன். உடனே கேட்டான்: “நீங்கள் யார்?”

“அக்காவின் கணவர்.”

“அண்ணன், அக்காவுக்கு என்ன?”

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவன் இரண்டு பேரைப் பற்றிக் கேட்டான். நான் இரண்டு பேரைப் பற்றியும் எழுதினேன். முதலில் தந்தி அடிப்பதுபோலத்தான் எழுதினேன். பிறகு என்னை அறியாமல் வசனங்கள் நீண்டன. மருமகள் சொல்லாததையும் துருவிக் கேட்டு எழுதினேன். ஜெபமாலை உருட்டும்போது நடுவில் நித்திரையாகிவிடுகிறார், எழுப்பினால் தான் நித்திரை கொள்ளவில்லை என்று சண்டை பிடிக்கிறார் என்று எழுதியபோது, அவன் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் சுகமாகி வீட்டுக்கு வந்து, “போனைத் தாங்கோ, இனி நான் பார்க்கிறன்,” என்று கை நீட்டியபோது கொடுக்க மனம் வரவில்லை. இப்போது எனக்கு அவள்மேல் பொறாமை.

உடம்பு தேறும்வரை அவளால் கொட்டாஞ்சேனைக்குப் போக முடியவில்லை. ஒரு சனிக்கிழமை என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னாள். மட்டக்குளி பஸ்ஸில் போய், கோயில் பக்கத்து ஒழுங்கைக்குள் நடந்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். சின்ன வீடு. முன் அறை முழுவதையும் ஆஸ்பத்திரிக் கட்டில் பிடித்திருந்தது. அம்மா சாய்ந்து இருந்தார். எழுத்தில் வாசித்ததைவிடச் சின்ன உருவம், எழுத்தில் கேட்டதைவிடப் பெரிய குரல்.

“வாங்க மகன். நீங்கதானா அவங்க வீட்டுக்காரர்? ஒங்களப் பத்தி நெறையச் சொல்லுவாங்க.”

“என்னைப் பற்றியோ? என்ன சொல்லுறவ?”

“சாப்பாட்டுல உப்புக் கொறஞ்சா வாய் தொறந்து சொல்ல மாட்டீங்களாம். தட்டையே பாத்துக்கிட்டு இருப்பீங்களாம். அத வச்சு இவங்க உப்ப எடுத்துக் கொண்டாந்து வைப்பாங்களாம்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அம்மா இன்னும் பல சொன்னார். நான் குடையை மறந்துவிட்டு மழையைத் திட்டுவது, வரைபடத்தில் கோடு பிசகிய நாள் முழுவதும் வீட்டில் ஒருவரோடும் பேசாமல் இருந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீடு இந்தக் கட்டிலுக்குச் செய்தியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபப்படவும் முடியவில்லை, சிரிப்பும் அடங்கவில்லை.

அடுத்த செய்தி வந்தபோது முதன்முதலாக என் பெயரில் விருப்பம் தெரிவித்தேன். அன்று பின்னேரத் தேநீரோடு ஒரு வடை வந்தது.

சில மாதங்களின் பின் அந்த அம்மா இறந்துபோனார். மகன் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளி வைத்தார்கள். நாங்கள் இருவரும் போனோம். ஒழுங்கையில் கூடாரம் போட்டிருந்தார்கள். பனிக்கும் சிவப்புப் படகுக்கும் பின்னாலிருந்த ஆளை அன்றுதான் கண்டேன். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், குள்ளம், வழுக்கை, கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். என் மனைவியைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அழுதார். அவளும் அழுதாள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள். நான் யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கதிரையைக் கையில் பிடித்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

எல்லாம் தெரிந்த பிறகும் அந்த நிமிடத்தில் எனக்கு எரிந்தது. சாவீட்டில் நின்று இதை உணர்கிறேனே என்று நினைத்தேன். நினைத்தும் அது போகவில்லை.

பிறகு அவர் என்னிடம் வந்தார். “அண்ணன், அம்மா மூணு வருஷமா எனக்கு மொகத்தக் காட்டல. அக்காதான் காட்டினாங்க,” என்றார். என் தோளில் கை வைத்தார். “நீங்க குடுத்து வச்சவர்.”

“ஓம்,” என்றேன். கையிலிருந்த கதிரையை அவருக்கு வைத்தேன்.

அவர் திரும்பிப் போனபிறகு முகநூல் பக்கத்தில் அவருடைய கருத்துகள் நின்றுபோயின. தொடர்வதை நிறுத்திவிட்டாரா, பார்க்கப் பொறுக்காமல் ஒதுங்கியிருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் அவரைத் தவறாக நினைக்கவில்லை. அங்கே வரும் கட்டில்களிலும் நாற்காலிகளிலும் இனி அவருக்கு யார் இருக்கிறார்கள். ஆனால் என் மனைவி எழுதுவது குறைந்தது. “இன்னாருக்கு இன்னது வழங்கப்பட்டது” என்று ஒரு வரியோடு ஒரு படம் போடுவாள். மாலையில் போனை எடுத்து, பெயர்களை விரலால் மேலே தள்ளிக்கொண்டு போவாள். என் பெயர் முதலாவதாக இருந்தும் தள்ளிக்கொண்டு போவாள். போய்விட்ட ஆள்மீதும் பொறாமைப்படலாம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

“எனக்காக எழுதும்” என்று கேட்க இரண்டொரு தரம் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இண்டைக்கு எங்கை போனீர்?” என்று கேட்கத் தொடங்கினேன். முதல் நாட்களில், “கிராண்ட்பாஸ் பக்கம், ஒரு வோக்கர் குடுத்தது,” என்று முடித்துவிட்டாள். நான் விடவில்லை. வீடு எப்படி, படி எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று என் தொழிலில் வரும் கேள்விகளைக் கேட்டேன். கதவிலிருந்து கதைக்கு வர அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

போன கிழமை ஒரு காலை, பால்கனியில் தேநீரை வைத்துக்கொண்டு, மருதானையில் ஒரு பழைய தையற்காரரின் வீட்டைப் பற்றிச் சொன்னாள். நாற்காலியில் இருத்தியதும் அந்த மனிதர் கேட்டாராம், இதன் கைப்பிடித் துணியைத் தைத்தவன் யார், இப்படியா தைப்பது என்று. ஊசி நூல் எடுத்துத் தானே பிரித்துத் தைத்து முடிக்கும்வரை இவர்களை எழும்ப விடவில்லையாம். வீட்டுக்குள் ஒரு சேவல் நின்றதாம். கையெழுத்து வாங்கும்போது படிவத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றதாம். அவள் அந்தச் சேவலைப்போலக் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் தேநீர் ஆறிப்போயிற்று.

அடுத்த நாள் மணிச்சத்தம் கேட்டது. தையற்காரரும் ஊசி நூலும் முழுதாக வந்திருந்தார்கள். நன்றாக எழுதியிருந்தாள், முன்னைப்போல. கொஞ்ச நேரத்துக்குள் கீழே வரிசையாக இதயங்கள். மெல்பேர்னிலிருந்து மகளும் பகிர்ந்திருந்தாள். எல்லோரும் அந்த மனிதரைப் பாராட்டியிருந்தார்கள். சேவலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான் இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, போனை மேசையில் வைத்தேன். சேவல் எங்கள் பால்கனியோடு நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து, “காஸ் முடியப்போகுது, ஓடர் பண்ணுங்கோ,” என்ற குரல் கேட்டது. ஓம் என்றேன்.